கேழ்வரகு அளவில் ஒரு மணல்: கடல்நீர்த் தொட்டிக்கான அரகோனைட், மூன்று ஆண்டுகளுக்குப் பின்

சென்னையில் என் வீட்டுக் கூடத்தில் மூன்றடி நீளமுள்ள கடல்நீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. நீளம் 90 சென்டிமீட்டர், அகலமும் உயரமும் 45 சென்டிமீட்டர். கணக்குப்படி 182 லிட்டர். இதன் அடியில் இதுவரை மூன்று வகை மணல் கிடந்திருக்கிறது. முதல் இரண்டையும் நானே வாரி வெளியே கொட்டினேன். மூன்றாவதாகப் போட்டது, அமெரிக்காவின் ஃபுளோரிடாவைச் சேர்ந்த கரீப்ஸீ நிறுவனத்தின் ‘ஸ்பெஷல் கிரேடு’ என்னும் உலர் அரகோனைட் மணல். மூன்று ஆண்டுகளாக அது மாற்றப்படாமல் இருக்கிறது. மாற்றும் எண்ணமும் இல்லை. ஆனால் அது எனக்குப் பொருந்தியதற்குக் காரணம், இவ்வகைப் பைகளின் மேல் பொதுவாகப் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் சிறப்புகள் அல்ல. பலர் படிக்காமலே விட்டுவிடும் துகள் அளவுதான்: 1 முதல் 2 மில்லிமீட்டர். ஒரு பிடி கேழ்வரகை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தால் அந்த அளவு எப்படியிருக்கும் என்று தெரிந்துவிடும்.

பெரிய எழுத்துச் சிறப்புகளில் முதலாவது, மணல் நீரின் பிஎச் மதிப்பைத் தாங்கிப் பிடிக்கும் என்பது. அரகோனைட் என்பது கால்சியம் கார்பனேட்டின் ஒரு படிக வடிவம். பவளங்களின் எலும்புக்கூடும் பல சிப்பிகளின் ஓடும் அதனால் ஆனவை. அது அமிலத்தில் கரையும், கரைந்தால் கால்சியத்தையும் காரத்தன்மையையும் நீருக்குத் தரும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் நல்ல நிலையிலுள்ள கடல்நீர்த் தொட்டியின் பிஎச் 8.0 முதல் 8.4 வரை இருக்கும். அந்த நீரில் கால்சியம் கார்பனேட் ஏற்கெனவே தெவிட்டிய நிலையில் இருப்பதால் மணல் மேலும் கரைவதற்கு இடமே இல்லை. இதே பொருளைக் கரைத்துத் தொட்டிக்கு ஊட்டும் கால்சியம் ரியாக்டரில், கார்பன் டைஆக்சைடைச் செலுத்திப் பிஎச்சை 6.5 அளவுக்கு இறக்கிய பிறகே கரைதல் வேகமாக நடக்கிறது என்பதை நினைவில் வைத்தால் போதும். மணற்படுகையின் உள்ளே, பாக்டீரியாக்கள் வெளிவிடும் கார்பன் டைஆக்சைடால் சிறிதளவு கரையலாம். அதை நம்பிக் கணக்குப் போட முடியாது. என் தொட்டியில் மென்பவளங்களோடு, பாறைகளின் மேல் இளஞ்சிவப்பாகப் படரும் சுண்ணாம்புப் பாசியும் பெருகத் தொடங்கியதும் காரத்தன்மை மெல்ல இறங்கியது. கால்சியத்தை லிட்டருக்கு 420 மில்லிகிராமிலும் காரத்தன்மையை அதன் அலகான டிகேஎச்சில் 8 அளவிலும் நிறுத்தி வைக்க இரண்டையும் தனியே ஊற்றி வருகிறேன்.

இரண்டாவது சிறப்பு, ‘லைவ்’ என்ற சொல். ஈரத்தோடு அடைக்கப்பட்ட மணலில் அம்மோனியாவைச் செரிக்கும் பாக்டீரியாக்கள் இருப்பதாக விற்கிறார்கள், இருக்கவும் கூடும். ஆனால் பவளத்திட்டில் உண்மையாகவே உயிருள்ள மணலில் இருக்கும் புழுக்களும் நுண்ணிய கணுக்காலிகளும் மூடிய பைக்குள் மாதக்கணக்கில் வாழாது. கப்பலிலும் கிடங்கிலும் நம் ஊர் வெயிலிலும் கிடந்து வரும் பையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒருமுறை ஒரு கடையில் வாங்கிய ஈரமணல் பையைத் திறந்தபோது அழுகிய முட்டை நாற்றம் கூடத்தை நிறைத்தது. பையில் அச்சிட்டிருந்த காலாவதித் தேதிக்கு இன்னும் பல மாதங்கள் இருந்தன. இன்னொரு தொல்லை, ஈரமணலின் எடையில் ஒரு பங்கு தண்ணீர். வெளிநாட்டிலிருந்து வரும் பொருளுக்கு எடைக்கேற்பச் சரக்குக் கட்டணம் ஏறும்போது, அந்தத் தண்ணீருக்கும் சேர்த்தே நாம் பணம் கொடுக்கிறோம். உலர் மணலை வாங்கி, நோயில்லாத ஒரு நண்பரின் தொட்டியிலிருந்து இரண்டு கைப்பிடி மணலை மேலே தூவினேன். வேலை முடிந்தது. மீன்களுக்கு நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்துக்கு இறங்க ஐந்து வாரம் ஆயிற்று. அதே பருவத்தில் ஈரமணலோடு தொடங்கிய நண்பரின் தொட்டிக்கும் ஏறத்தாழ அவ்வளவு நாள்தான் ஆயிற்று.

ஆக, மீதமிருப்பது துகள் அளவு. இதை நான் தவறு செய்தே கற்றுக்கொண்டேன்.

முதலில் போட்டது, பெயரில்லாத பாலித்தீன் பையில் ‘கோரல் சாண்ட்’ என்று விற்கப்பட்ட பருமணல். துவரம்பருப்பு அளவில், 3 முதல் 5 மில்லிமீட்டர் வரை, முனை மழுங்காத துண்டுகள். போட்ட அன்று நீர் கலங்கவே இல்லை, மறுநாளே படம் எடுக்கும் அளவுக்குத் தெளிந்திருந்தது. அதனால் நல்ல பொருள் என்று நினைத்தேன். தவறு நான்கைந்து மாதம் கழித்தே தெரிந்தது. மீன் உண்ணாமல் விட்ட உணவும் கழிவும் துண்டுகளுக்கு இடையே உள்ள இடைவெளியில் இறங்கிவிடுகின்றன; நீரோட்டம் அங்கே எட்டாது; மேலிருந்து பார்ப்பவருக்கு மணல் சுத்தமாகவே தெரியும். நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியது, பாறைகளில் பச்சை மயிர்ப்பாசி முளைத்தது. குழாயை மணலில் நுழைத்து உறிஞ்சியபோது வந்த நீர், சாக்கடையைத் திறந்துவிட்டது போன்ற நிறத்தில் இருந்தது. மணலில் புதைந்து வாழும் எந்த உயிருக்கும் இத்தகைய கூர்முனைத் துண்டுகள் ஏற்றவை அல்ல என்பது வேறு.

பருமணலில் சூடுபட்டுக்கொண்டதால் அடுத்து நேர் எதிர்த்திசைக்கு, ஊலைட் என்னும் நுண்மணலுக்கு ஓடினேன். ஊலைட் என்பது பஹாமா தீவுகளைச் சுற்றியுள்ள ஆழமற்ற, வெதுவெதுப்பான கடலில், சிறு துணுக்கைச் சுற்றிக் கால்சியம் கார்பனேட் அடுக்கடுக்காகப் படிந்து உருளும் உருண்டை மணல். கையில் எடுத்தால் கோலமாவு போல வழுக்கும். தொட்டியில் விரித்தால் அந்த வெண்மைக்கும் மென்மைக்கும் நிகர் கிடையாது. அழகில் இன்றும் அதற்கே என் ஓட்டு. ஆனால் பவளங்களுக்கு வேண்டிய நீரோட்டத்தை வேவ் மேக்கர் கொடுக்கத் தொடங்கியதும், அரை மில்லிமீட்டருக்கும் குறைவான துகள்கள் படுகையில் நிற்கவில்லை. ஒரு வாரத்தில் முன்பக்கம் கண்ணாடித் தரை வெளியே தெரிந்தது, பின்மூலையில் ஒரு சாண் உயரத்துக்கு மணற்குன்று எழுந்தது. வேவ் மேக்கரைக் குறைத்தால் பவளங்களின் மேல் தூசி படிந்தது, கூட்டினால் மணல் பறந்தது. இதோடு மின்தடையையும் சேர்த்துப் பாருங்கள்: மின்சாரம் திரும்பும் நொடியில் எல்லாப் பம்புகளும் முழுவேகத்தில் கிளம்ப, பின்மூலைக் குன்று சரிந்து தொட்டி முழுவதும் பால் போல வெளுத்துவிடும். இரவில் அப்படி நடந்தால், காலையில் ஒவ்வொரு மென்பவளத்தின் மேலும் ஒரு விரல் மணல் கிடக்கும். மூன்றாவது முறை அப்படி ஆனபோது வாரிக் கொட்டிவிட்டேன்.

ஊலைட் மோசமான மணல் என்று இதற்குப் பொருளில்லை. நீரோட்டம் குறைவான, மீன் மட்டுமே உள்ள தொட்டிக்கு அது நன்றாகவே பொருந்தும். இடைநிலையாக ‘ஃபிஜி பிங்க்’ என்ற வகை, 0.5 முதல் 1.5 மில்லிமீட்டர் வரை, ரவை அளவில் கிடைக்கிறது. மென்பவளங்களோடு மிதமான நீரோட்டம் வைத்திருப்பவர்கள் அதை எடுக்கலாம். என் தொட்டியில் இரண்டு வேவ் மேக்கர்கள் எதிரெதிரே ஓடுகின்றன, அதனால் அதையும் தவிர்த்தேன். ஸ்பெஷல் கிரேடு போட்ட முதல் வாரத்திலேயே வேறுபாடு தெரிந்தது. பம்பின் வாய்க்கு நேர் எதிரே ஓர் உள்ளங்கை அளவு பள்ளம் விழுந்ததைத் தவிர, மணல் போட்ட இடத்தில் நின்றது; கழிவோ உள்ளே முழுவதும் இறங்காமல் மேற்பரப்பில் தங்கி, நீரோட்டத்தோடு எழுந்து, வடிகட்டிக்குப் போயிற்று. ஒரே பைக்குள் எல்லாத் துகளும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்ததையும் குறிப்பிட வேண்டும். பருமனும் பொடியும் கலந்து வந்தால் பொடி இறங்கி இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும்.

எவ்வளவு வாங்க வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. நீளம், அகலம், வேண்டிய ஆழம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் வரும். உலர் அரகோனைட் ஒரு லிட்டர் சுமார் ஒன்றரைக் கிலோ நிற்கும். என் தொட்டிக்கு 3 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 12 லிட்டர், அதாவது 18 கிலோ. 40 பவுண்டுப் பை ஒன்று மிகச்சரியாக அவ்வளவுதான். 3 சென்டிமீட்டர் ஏன் என்று கேட்கலாம். ஆழமான மணற்படுகைக்கு ஒரு காலத்தில் பெரும் செல்வாக்கு இருந்தது. மொனாக்கோவில் உயிரியலாளர் ழான் ஜோபேர் படுகைக்கு அடியில் நீர் நிற்கும் இடைவெளி விட்டு அமைத்த முறையும், அமெரிக்காவில் விலங்கியலாளர் ரொனால்ட் ஷிமெக் வலியுறுத்திய நுண்மணல் முறையும், ஆக்சிஜன் எட்டாத ஆழத்தில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றுவதைப் பயன்படுத்திக்கொண்டவை. அதற்குக் குறைந்தது 10 சென்டிமீட்டராவது வேண்டும், மணலும் நுண்ணியதாக இருக்க வேண்டும், படுகையைக் கிளறவும் கூடாது. 45 சென்டிமீட்டர் உயரத்தில் 10 சென்டிமீட்டரை மணலுக்கே கொடுப்பது எனக்குக் கட்டுப்படியாகவில்லை. 6, 7 சென்டிமீட்டர் என்று நடுவில் நிற்பதுதான் எல்லாவற்றிலும் மோசம்: உறிஞ்சிச் சுத்தம் செய்யவும் எட்டாது, நைட்ரேட்டை நம்பகமாகக் குறைக்கவும் போதாது.

மணலைப் போடும் நாளில் கழுவுவதற்கே பொழுது போய்விடும். அரிசி களைவது போல வாளியில் சிறிது சிறிதாக எடுத்துக் கிளறி, கழுநீரை இறுத்து, மறுபடி ஊற்ற வேண்டும். இந்த மணலுக்கு ஏழெட்டு முறை பிடித்தது, கடைசி முறை மட்டும் ஆர்.ஓ. நீர் போதும். ஊலைட்டை எத்தனை முறை களைந்தாலும் கழுநீர் தெளியாது. பாறைகளை முதலில் கண்ணாடித் தரையிலேயே உட்கார வைத்து, மணலை அவற்றைச் சுற்றிப் போடுவது பாதுகாப்பு. மணலின் மேல் பாறையை அடுக்கினால், குழிபறிக்கும் மீனோ இறாலோ அடியைத் தோண்டி முழு அடுக்கையும் சாய்த்துவிடும். தண்ணீர் ஏற்கெனவே இருந்தால், அகலமான பிவிசி குழாயைத் தரைவரை இறக்கி அதன் வழியே மணலைக் கொட்டலாம். ஸ்பெஷல் கிரேடு போட்ட கலங்கல் மறுநாள் காலைக்குள் தெளிந்தது.

மூன்றாவது வாரத்தில் மணல் முழுவதும் பழுப்பாகிவிடும். அது டயட்டம் என்னும் நுண்பாசி; புதுத் தொட்டிகள் பெரும்பாலும் அனைத்தும் கடந்து போகும் கட்டம். மணலில் சிலிக்கா கலந்திருக்கிறது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். குவார்ட்ஸ் மணலே நீரில் கரைவது மிகச் சொற்பம்; டயட்டத்துக்கு உணவாகும் சிலிகேட் பெரும்பாலும் நாம் ஊற்றும் தண்ணீரில்தான் வருகிறது. ஆழ்குழாய் நீரை வடிகட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், ஏனெனில் ஆர்.ஓ.வுக்குப் பின், எஞ்சிய அயனிகளை நீக்க வைக்கும் டிஐ ரெசின் தீரத் தொடங்கும்போது முதலில் நழுவி வெளியே வருவது சிலிகேட்தான். ரெசினை மாற்றியதும் என் மணல் ஒரு மாதத்தில் வெளுத்தது. சிவந்த அரக்கு நிறத்தில் போர்வை போலப் படர்ந்து, மேலே குமிழ்கள் நிற்பது வேறு, அது சயனோபாக்டீரியா. என் தொட்டியில் அது நீரோட்டம் தேங்கும் ஒரே ஒரு மூலையில்தான் வந்தது. வேவ் மேக்கரைச் சற்றுத் திருப்பி வைத்ததும் போயிற்று.

பராமரிப்பில் இந்த மணலின் பெரிய நன்மை, அதை உறிஞ்சிச் சுத்தம் செய்ய முடிவதுதான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீர் மாற்றும்போது, படுகையில் மூன்றில் ஒரு பகுதியை மட்டும் சைஃபன் குழாயால் குத்திக் குத்தி எடுக்கிறேன். துகள்கள் குழாய்க்குள் நான்கு விரற்கடை எழும்பி, குழாயை விரலால் நெரித்ததும் கீழே விழுகின்றன. அழுக்கு மட்டும் வாளிக்கு வருகிறது. ஊலைட்டில் இதைச் செய்தால் வாளியில் பாதி மணல் இருக்கும். ஆனால் பல மாதம் தொடாமல் விட்ட படுகையை ஒரே நாளில் முழுவதும் கிளறக் கூடாது. கண்ணாடியோரம் கருப்புப் பட்டை தெரிந்து, அழுகிய முட்டை வாடை வந்தால் உள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கிறது என்று பொருள்; மீன்களைக் கொல்ல அது போதும். அத்தகைய மணலை வாரத்துக்கு ஒரு கீற்றாக வெளியே எடுப்பதே முறை.

இன்னொன்று, எந்த அரகோனைட் மணலுக்கும் பொதுவானது: பாசிக்கு உணவாகும் பாஸ்பேட்டை அது தன் மேல் பிடித்து வைத்துக்கொள்ளும். நீரில் பாஸ்பேட் மிகுந்திருக்கும்போது உள்ளே வாங்கும், நாம் குறைத்தால் திரும்ப விடும். இது தெரியாமல், சோதனையில் அளவு இறங்கவில்லையே என்று பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு வடிபொருளை அள்ளிப் போட்டு, கடைசியில் பாஸ்பேட்டைச் சுழியத்துக்குக் கொண்டுபோய், டைனோஃபிளாஜெல்லேட் என்னும் வழுவழுப்பான பழுப்புச் சளியை வரவழைத்துக்கொண்டேன். அது மணலின் குற்றமன்று, என் அவசரத்தின் குற்றம்.

மணலைக் கிளறும் உயிர்களைப் பற்றி வெளிநாட்டு வழிகாட்டிகளை அப்படியே பின்பற்ற இயலாது. அவை பரிந்துரைக்கும் கடல் அட்டை, 2001 முதல் இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட உயிர். அதைத் தொட்டியில் வைக்க நினைக்கவே வேண்டாம். மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியே சலித்து விடும் கோபி மீன், படுகையைப் பளிச்சென்று வைத்திருக்கும். ஆனால் மூன்றடித் தொட்டியின் மணலில் அதற்கு வேண்டிய நுண்ணுயிர்கள் சில மாதங்களில் தீர்ந்து, வேறு உணவு பழகாவிட்டால் மெலிந்து இறந்துபோகும். மணல் நட்சத்திர மீனுக்கும் அதே கதி. நசாரியஸ் நத்தைகளே போதும். பகலெல்லாம் புதைந்து கிடந்து, உணவு வாடை பட்டதும் தும்பிக்கை போன்ற குழலை முதலில் நீட்டி, பின் நாலா பக்கமும் எழுந்து வரும் அந்தக் காட்சிக்காகவே அவற்றை வைத்திருக்கலாம். கேழ்வரகு அளவு மணலில் அவை சிரமமின்றி இறங்குகின்றன.

கடற்கரை ஊரில் இருந்துகொண்டு மணலை விலைகொடுத்து வாங்குவானேன் என்று வீட்டுக்கு வருகிற எல்லோரும் கேட்கிறார்கள். மெரினா மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். அதில் நகரத்தின் கழிவும் கலந்திருக்கிறது. நம் கரைகளில் கருங்கீற்றாகத் தெரிபவை இல்மனைட் போன்ற கன தாதுக்கள். தெற்கே மணவாளக்குறிச்சியில் அவற்றைப் பிரித்தெடுக்கவே ஆலை நடக்கிறது. காந்தத்தில் ஒட்டும் துகள்கள் கண்ணாடி துடைக்கும் காந்தத்துக்கு இடையே சிக்கினால், தொட்டி வாழ்நாள் முழுவதும் கீறலோடு நிற்கும். கால்சியம் மணலா என்று அறிய, ஒரு தேக்கரண்டி மணலில் வினிகரை ஊற்றினால் போதும்: அரகோனைட் நுரைத்துப் பொங்கும், குவார்ட்ஸ் சும்மா கிடக்கும். பெயரில்லாத பையில் வரும் பவள மணலும் பொங்கத்தான் செய்யும், ஆனால் அது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற கேள்வி மிஞ்சுகிறது. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்கடியில் போயிருக்கின்றன. பாறையாக்கும் பவளங்கள் 2001 முதல் அதே சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளன. என் முதல் பையை வாங்கியபோது இதைக் கேட்கத் தோன்றவில்லை. இன்று, எடுத்த இடமும் துகள் அளவும் சொல்லத் தெரியாத கடையில் மணல் வாங்குவதில்லை.

ஸ்பெஷல் கிரேடில் எனக்கு நிறைவளிக்காதவையும் உண்டு. கண்ணுக்கு அது ஊலைட் அளவு மென்மையாக இல்லை. அருகில் பார்த்தால் சிப்பித் துணுக்குகள் தெரியும். விலை, நாட்டு மணலைப் பார்த்தவருக்குத் திகைப்பைத் தரும், கையிருப்பும் எப்போதும் கிடைப்பதில்லை. பெரிய குறை, இரவில் மணலுக்குள் படுத்துறங்கும் ராஸ் வகை மீன்களுக்கு அது சற்றுப் பருமன். அவற்றுக்கு நுண்மணல், அதுவும் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வேண்டும். என்னிடம் உள்ள மஞ்சள் ராஸ் முதல் சில இரவுகள் இடம் கொள்ளாமல் அலைந்தது. பிறகு, பிரிக்காமல் எஞ்சியிருந்த ஊலைட் பையிலிருந்து எடுத்துக் களைந்து, ஓர் அகலமான கண்ணாடிக் கிண்ணத்தில் நிரப்பி, நீரோட்டம் எட்டாத பாறை மறைவில் வைத்தேன். விளக்கு அணைவதற்குக் கால் மணி நேரம் முன்பே அது கிண்ணத்தைச் சுற்றி வரத் தொடங்கிவிடுகிறது. பிறகு தலைகீழாக ஒரே பாய்ச்சல், விடியும்வரை கண்ணில் படுவதில்லை.